டேவிஸ் நிலையத்தின் 249 ஓடுகள்: பள்ளிப் பிள்ளைகள் செய்த நிலையக் கலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த நிலையம்? அங்கே இருப்பது என்ன?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டியுள்ள சாமர்வில் என்னும் சிறு நகரின் டேவிஸ் சதுக்கத்துக்கு அடியில் ஒரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. ரெட் லைன் தடத்தில் உள்ள அந்த நிலையம் 1984 டிசம்பர் 8 அன்று திறக்கப்பட்டது. அதன் இடைத்தளத்துச் செங்கல் சுவர்களில் 249 சுடுமண் ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் அதே நகரின் பவுடர் ஹவுஸ் சமுதாயப் பள்ளியில் அப்போது படித்த பிள்ளைகள். ஜாக்சன் கிரகரி, ஜோன் வை என்னும் கலைஞர்கள் இருவர் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து இப்பணியை வடிவமைத்து முடித்தனர்.

மாணவர்கள் செய்த கலைப் படைப்புகள் உலகின் பல நிலையங்களில் உண்டு. ஆயினும் இந்த ஓடுகளை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் வரைந்தவற்றைத் திறப்பு விழாவுக்குத் தொங்கவிட்டு, மறு மாதமே கழற்றிவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. இங்கே, பெரிய கலைஞர்களின் படைப்புகளுக்குத் தரப்பட்ட அதே நிரந்தரம் பிள்ளைகளின் வேலைக்கும் தரப்பட்டது.

பிள்ளைகளின் வேலை இவ்வளவு பெரிய கட்டுமானத்துக்குள் எப்படி இடம் பெற்றது?

ஹார்வர்டு நிலையத்திலிருந்து போர்ட்டர், டேவிஸ், ஏல்வைஃப் வரை ரெட் லைனை வடமேற்கே நீட்டும் பணி 1970களின் பிற்பகுதியில் தொடங்கியபோது, சாமர்விலை அடுத்துள்ள கேம்பிரிட்ஜ் நகரின் கலை மன்றமும் அப்பகுதியின் போக்குவரத்து ஆணையமான எம்.பி.டி.ஏ.வும் இணைந்து ‘ஆர்ட்ஸ் ஆன் தி லைன்’ என்னும் திட்டத்தை வகுத்தன. ஒவ்வொரு நிலையத்தின் கட்டுமானச் செலவில் அரை விழுக்காட்டைக் கலைக்கென ஒதுக்குவது அதன் அடிப்படை ஏற்பாடு. அமெரிக்கப் பொதுப் போக்குவரத்தில் இவ்வகைத் திட்டம் அதுவே முதலாவது என்பதால், பின்னர் பல நகரங்கள் அதையே முன்மாதிரியாகக் கொண்டன.

படைப்புகளைத் தேர்ந்தெடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. கலை வல்லுநர்கள் அடங்கிய நடுவர் குழு முடிவெடுத்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்தந்த நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களும் அப்பகுதியை அறிந்தவர்களும் தங்கள் ஊரைப் பற்றியும், நிலையத்தை யார் யார் பயன்படுத்துவார்கள் என்பதைப் பற்றியும் எடுத்துச் சொல்ல வழி செய்யப்பட்டிருந்தது. ஊர்க்காரர்களுக்குப் பேச இடம் கொடுத்தால் பள்ளிக்கூடம் பேச்சில் வராமல் போகாது.

டேவிஸ் சதுக்கத்துக்கும் இந்த நிலையத்துக்கும் தனி உறவு ஏதேனும் உண்டா?

உண்டு. முதலில் போடப்பட்ட வரைவுகளில் ரயில் டேவிஸ் சதுக்கத்தைத் தொடவே இல்லை. போர்ட்டரிலிருந்து பழைய ரயில் பாதையை ஒட்டியே நேராக ஏல்வைஃப் செல்வதாகத்தான் இருந்தது. சாமர்வில் மக்கள் விடாமல் வற்புறுத்திய பிறகே தடம் வளைக்கப்பட்டு, அவர்கள் ஊருக்கு ஒரு நிலையம் கிடைத்தது.

அந்தக் காலத்தின் பெரிய அரசியலையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு செல்லவிருந்த அதிவேக நெடுஞ்சாலைகளை எதிர்த்து மக்கள் திரண்டதால், 1970இல் மாநில ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட் அவ்வகைப் பணிகளை நிறுத்திவைத்தார். 1973இன் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம், சாலைக்கென வைத்திருந்த நிதியைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பிவிட வழிவகுத்தது. அதன் பிறகே இந்த நீட்டிப்பு சாத்தியமாயிற்று. போராடிப் பெற்ற நிலையம் என்பதால், அதன் சுவரில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கைவேலை இருப்பதை நான் அலங்காரமாகக் கருதுவதில்லை. உரிமையுள்ளவர்கள் தங்கள் இடத்தில் போட்ட கையொப்பம் அது.

அப்படியானால் படைப்பாளி யார்? கலைஞர்கள் இருவரா, பிள்ளைகளா?

இந்தக் கேள்விக்கு இரு தரப்பும் என்பதே நேர்மையான விடை. ஓட்டின் அளவு, களிமண்ணின் வகை, சூளையில் வைக்கும் முறை, சுவரில் எந்த ஓடு எங்கே வருவது என்பவை அனைத்தும் தேர்ந்த கைகளின் முடிவுகள். ஒரு பிள்ளை தன் ஓட்டில் நாயை வரைவதா, வீட்டை வரைவதா, வெறும் கோடுகளை இழுப்பதா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு.

இவ்விரண்டில் முதலாவதைப் பிள்ளைகளிடம் விட்டால் ஓடுகள் சூளையிலேயே வெடிக்கும். இரண்டாவதைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால் சுவரில் வருவது பிள்ளைகளின் பெயரில் பெரியவர்கள் செய்த வேலையாகிவிடும். பள்ளிகளில் இன்றும் இந்தத் தவறு நிகழ்கிறது. ஓவிய ஆசிரியர் பென்சிலால் வரைந்து கொடுக்க, மாணவர்கள் உள்ளே வண்ணம் நிரப்புகிறார்கள். திறப்பு விழாவில் ‘மாணவர்களின் படைப்பு’ என்று அறிவிக்கிறார்கள். தள்ளி நின்று பார்ப்பவருக்கே அந்தக் கோடு யாருடையது என்பது தெரிந்துவிடும்.

களிமண் ஓடு ஒன்று பிள்ளையின் கையிலிருந்து சுவர் வரை எப்படிப் போய்ச் சேருகிறது?

எந்த ஊர்ப் பள்ளியில் செய்தாலும் இந்தப் பணியின் படிகள் ஏறத்தாழ ஒன்றுதான். நன்கு பிசைந்து காற்றுக் குமிழ் நீக்கிய களிமண்ணை ஒரே கனத்தில் தட்டையாக உருட்டி, அச்சு வைத்துச் சதுரங்களாக வெட்ட வேண்டும். மண் தோல்போல் விறைக்கும் வரை காத்திருந்து அதன் பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். மிக ஈரமாக இருந்தால் குச்சி இழுக்கும் இடமெல்லாம் பிசிறு எழும்பும். மிகக் காய்ந்திருந்தால் கோடு போட்ட இடத்தில் விளிம்பு உதிரும்.

ஒரு பிள்ளை மூங்கில் குச்சியால் மண்ணில் கோடு கீறும்போது, பென்சிலால் வரைவதிலிருந்து அது வேறுபட்டது என்பதை உடனே உணர்ந்துகொள்ளும். இங்கே ரப்பர் கிடையாது. தவறான கோட்டை விரலால் தேய்த்தால் அந்த இடம் மழுங்கி, விரல் ரேகை பதிந்துவிடும். சுட்ட பிறகு அந்த ரேகை அப்படியே நிற்கும். கண்ணுக்காக ஒரு சிறு உருண்டையை ஒட்ட விரும்பும் பிள்ளை, இரு பரப்பையும் கீறி, நீர்த்த களிமண் குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் சும்மா வைத்து அழுத்தினால் உலரும்போதே கண் கழன்று விழும்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். ஓட்டின் மேற்பரப்பு அடிப்பரப்பை விட விரைவாகக் காய்ந்தால் நான்கு மூலைகளும் மேலே வளையும். வளைந்த ஓடு சுவரில் உட்காராது. எனவே பலகைகளுக்கு இடையே வைத்து, அவ்வப்போது திருப்பிப்போட்டு, மெதுவாக உலரவிடுவார்கள். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் ஓட்டைச் சூளையில் வைத்துச் சூட்டை வேகமாக ஏற்றினால், நீர் ஆவியாகி ஓட்டை உடைத்து வெளியேறும். பக்கத்து ஓடுகளும் அதில் சேதமடையும். முதல் சூடு ஏறத்தாழ ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் முடிந்ததும் வண்ணமும் கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சும் பூசி மறுபடியும் சுடுவார்கள். அந்த வண்ணங்கள் கடையில் வாங்கும் சாயங்கள் அல்ல. கோபால்ட் ஆக்சைடு நீலம் தரும். தாமிரம் பச்சை தரும். இரும்பு பழுப்பு தரும். பூசும்போது சாம்பல் நிறமாகத் தெரிவது சூளையிலிருந்து நீலமாக வெளிவருவதைப் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்க்கும் அந்த நாளுக்காகவே இந்தப் பாடத்தை எல்லாப் பள்ளிகளிலும் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: மண் உலர்ந்து சுடப்படுவதற்குள் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுவரின் அளவை மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு அதே அளவில் ஈர மண்ணை வெட்டுபவர்கள், கடைசியில் ஓடுகளுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளிகளோடு நிற்க நேரும்.

இவ்வளவு பாடுபடுவதற்குச் சுவரில் நேராக வண்ணம் தீட்டிவிடலாமே?

தீட்டலாம். ஆனால் நிலையத்தின் சுவர் வகுப்பறைச் சுவரைப் போன்றதல்ல. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உராய்வதாலும், பிரேக் பிடிப்பதாலும் மிக நுண்ணிய இரும்புத் தூள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அது எல்லாப் பரப்பிலும் கருமையாகப் படியும். பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பு, பயணிகளின் காலணியோடு உள்ளே வரும். சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கசிவும் உண்டு. ஹார்வர்டுக்கும் ஏல்வைஃபுக்கும் இடைப்பட்ட சுரங்கப் பகுதியில் நீர்க் கசிவால் தண்டவாளத்தின் அடித்தளப் பலகங்கள் பழுதடைந்து, அவற்றைச் சீர்செய்வதற்காக 2011இன் இறுதியில் தொடங்கிப் பல வார இறுதிகளில் அந்தப் பகுதியில் ரயில் சேவையையே நிறுத்திவைத்தார்கள்.

இத்தகைய இடத்தில் சாதாரண வண்ணம் சில ஆண்டுகளில் மங்கும், உரியும். கிளேஸ் பூசிச் சுட்ட ஓட்டின் முகத்தைத் துப்புரவுப் பணியாளர் ஈரத்துணியால் துடைத்தால் போதும். யாரேனும் மையால் கிறுக்கினாலும் பெரும்பாலும் கழுவி எடுத்துவிடலாம். தீப்பிடிக்காது என்பதும் சுரங்க நிலையத்துக்கு மிக முக்கியமான தகுதி.

வண்ணம் தீட்டுவது தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. அது வேறு நோக்கத்துக்கானது. பெங்களூருவில் ஸ்ரிஷ்டி கலை, வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர்கள், மெட்ரோ நிர்வாகத்தின் இசைவோடு, ‘ஆர்ட் இன் டிரான்சிட்’ என்னும் பெயரில் 2014 முதல் பீன்யா நிலையத்திலும், பின்னர் சுரங்க நிலையமான கப்பன் பார்க்கிலும் பணியாற்றியிருக்கிறார்கள். பீன்யா பெரிய தொழிற்பேட்டை. அங்கே ஏறி இறங்குபவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்கள். நிலையத்தையே வகுப்பறையாக்கி, அதைப் பயன்படுத்தும் மக்களோடு பேசி, அவர்கள் கண்ணெதிரே சுவரில் வேலை செய்வது அத்திட்டத்தின் இயல்பு. அங்கே அடுத்த ஆண்டு மாணவர்கள் வந்து புதியதைச் செய்யலாம் என்பதே அதன் பலம். டேவிஸ் ஓடுகளின் பலம் அவை மாறாமல் நிற்பது. எதைச் செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல், நிரந்தரமாக நிற்க வேண்டியதை மலிவான வண்ணத்தில் செய்துவிடுவதுதான் பிழை.

பிள்ளைகளின் வேலை தரத்தில் குறைந்ததாக இராதா? நிலையத்தில் உண்மையான கலைஞர்களின் படைப்பும் இருக்கிறதல்லவா?

டேவிஸ் நிலையத்தில் இருக்கிறது. அமெரிக்க வண்ண ஓவியத்தில் பெரும் பெயர் பெற்ற சாம் கில்லியம் உருவாக்கிய ‘ஸ்கல்ப்சர் வித் எ டி’ என்னும் வண்ணம் தீட்டிய உலோகப் படைப்பு தண்டவாளங்களுக்கு மேலே அமைந்திருக்கிறது. நடைமேடைத் தரையின் செங்கற்களில் எமிலி டிக்கின்சன் உள்ளிட்ட கவிஞர்களின் வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேலே சதுக்கத்தில் ஜேம்ஸ் டைலர் செய்த மனித உருவங்கள் நிற்கின்றன. இவை அனைத்தும் ஒரே திட்டத்தின் கீழ் வந்தவை. அந்தத் திட்டத்துக்குள் பிள்ளைகளின் ஓடுகளும் ஒரு படைப்பாகவே கணக்கில் சேர்க்கப்பட்டன. ஒதுக்குப்புறத்தில் தனி அறிவிப்புப் பலகையோடு தள்ளிவைக்கப்படவில்லை.

தரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். தினமும் ஒரே வழியில் நடந்துபோகிறவருக்கு ஒரு பெரிய படைப்பு தருவதும், நூற்றுக்கணக்கான சிறிய படைப்புகள் தருவதும் வெவ்வேறு. பெரியதை ஓர் ஆண்டில் பார்த்து முடித்துவிடலாம். 249 ஓடுகளை அப்படிப் பார்த்து முடிக்க முடியாது. ரயிலுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் ஒன்று கண்ணில் படும். அடுத்த வாரம் அதன் பக்கத்தில் இருப்பது கண்ணில் படும். ஒவ்வொன்றும் வேறொரு கை என்பதால் இது சலிப்பதில்லை. தேர்ந்த ஓவியர் ஒருவரே 249 ஓடுகளையும் தீட்டியிருந்தால் அவருடைய பாணி பத்தாவது ஓட்டிலேயே பிடிபட்டுவிடும்.

இத்தகைய படைப்புகள் நெடுநாள் நிலைக்கின்றனவா?

பெரியவர்கள் கல்லில் செய்தவையே நிலைக்காமல் போனதுண்டு. அதே திட்டத்தில், ஹார்வர்டு சதுக்கத்தில் டிமிட்ரி ஹாட்ஸி 1980களில் நிறுவிய ‘ஓம்ஃபலோஸ்’ என்னும் கருங்கல் சிற்பம் வெயிலிலும் பனியிலும் சிதைந்து, பாதுகாப்புக்கு ஆகாது என்ற நிலை வந்து, 2013இல் அங்கிருந்து அகற்றப்பட்டது. வெளியே திறந்தவெளியில் நின்றது அதன் கேடு. கூரைக்குக் கீழே இருக்கும் ஓடுகளுக்கு அந்தத் துன்பம் இல்லை.

அசையும் படைப்புகளின் நிலை இன்னும் கடினமானது. அதே ரெட் லைனின் கெண்டல் நிலையத்தில் பால் மாட்டிஸ் 1986–88இல் நிறுவிய ‘கெண்டல் பேண்ட்’ என்னும் இசைச் சிற்பத்தை இயக்க, நடைமேடைச் சுவரில் உள்ள கைப்பிடியைப் பயணிகள் ஆட்ட வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே தொங்கும் அலுமினியக் குழாய்கள் ஒலிக்கும். பல்லாயிரம் கைகள் ஆட்டியதில் அது பழுதடைந்தது. 2010இல் எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் முன்வந்து அதைப் பழுதுபார்க்கத் தொடங்கினர். ரயில் ஓடாத நேரத்தில்தான் தண்டவாளத்துக்குள் இறங்க முடியும். அனுமதி, மேற்பார்வை எல்லாம் வேண்டும். மாணவர்கள் நிலையக் கலைக்குத் தரக்கூடியது புதிதாக ஒன்றைச் செய்வது மட்டுமன்று, இருப்பதைப் பேணுவதும் கூட என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தமிழர்கள் வாழும் இடங்களில் இதைப் போன்றது உண்டா?

சிங்கப்பூரில் ஹவ்காங் நிலையத்தைப் பார்க்கலாம். 2003இல் திறக்கப்பட்ட வடகிழக்குத் தடத்தில், செக் யோக் யிங் என்னும் கலைஞர் அவ்வட்டார மக்களின் கைப்பதிவுகளைச் சேர்த்து அந்த நிலையத்துக்கான படைப்பை உருவாக்கினார். அது மாணவர்களின் பணி அன்று, ஊர்மக்களின் பணி. ஆனால் பலரின் கை, ஒரு கலைஞரின் ஒழுங்கு என்னும் அமைப்பு டேவிஸ் ஓடுகளோடு நெருங்கிய உறவுடையது. அதே தடத்தின் லிட்டில் இந்தியா நிலையத்தில் எஸ். சந்திரசேகரன் என்னும் கலைஞரின் படைப்பு இருக்கிறது.

பிள்ளைகள் செய்ததற்குப் பதிப்புரிமை உண்டா?

இந்தியாவில் உண்டு. படைப்பை உருவாக்கியவருக்கு வயது வரம்பு எதையும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விதிக்கவில்லை. எனவே ஓர் எட்டு வயதுப் பிள்ளையும் தன் ஓவியத்துக்கு உரிமையாளர்தான். அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கோரவும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கவும் படைப்பாளிக்கு வழி தருகிறது. புதுதில்லி விஞ்ஞான் பவனிலிருந்து தம் வெண்கலச் சுவர்ச்சிற்பம் அகற்றப்பட்டுச் சிதைக்கப்பட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எஞ்சியதை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. அரசுக் கட்டடத்தின் சுவரில் இருப்பதால் அரசு நினைத்தபடி செய்யலாம் என்று எண்ணுபவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

நடைமுறையில், பெற்றோரிடம் எழுத்தில் இசைவு பெற்றுக்கொள்வதும், படைப்பின் படங்களை நிலைய நிர்வாகம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதைத் தனியே கேட்டு எழுதிக்கொள்வதும் முறை. இரண்டையும் ஒரே படிவத்தில் கலக்கக் கூடாது.

பெயரை எங்கே எழுத வேண்டும்?

ஓட்டின் முகப்பில், சுடுவதற்கு முன்பே, மண்ணில் கீறி. பள்ளிகள் வழக்கமாகப் பெயரையும் வகுப்பையும் ஓட்டின் முதுகில் எழுதிவைக்கின்றன. சூளையில் யாருடையது எது என்று அடையாளம் காண்பதற்கு அது உதவும். ஆனால் சிமெண்டு பூசிச் சுவரில் பதித்த மறுகணம் அந்தப் பெயர் என்றென்றைக்குமாகச் சுவருக்குள் போய்விடுகிறது. முழுப்பெயர் வேண்டாம் என்று பெற்றோர் கருதினால் முதலெழுத்துகள் போதும். முப்பது ஆண்டுகள் கழித்து வந்து தேடுபவருக்குத் தன் ஓடு எது என்று தெரிய வேண்டும், அவ்வளவே தேவை.

தொட்டுப் பார்க்கலாமா?

கிளேஸ் பூசிய ஓட்டைத் தொடுவதால் கேடு எதுவும் இல்லை. கூரான எதையும் கொண்டு சுரண்டக் கூடாது.

எங்கள் பள்ளியும் அருகிலுள்ள நிலையத்தில் இதைச் செய்ய விரும்புகிறது. முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

களிமண் வாங்குவதற்கு முன்பே சுவரை முடிவு செய்யுங்கள். எந்தச் சுவர், எத்தனை அடி, அதன் பின்னால் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா, அடுத்த சில ஆண்டுகளில் அதை இடித்துக் கதவோ கடையோ வைக்கும் எண்ணம் உண்டா என்பவற்றை நிலையப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் நிலையமாக இருந்தால் மிக நல்லது. சுவர் எழும்போதே ஓடுகளுக்கு இடம் விடலாம். சுவரை மாற்ற நேர்ந்தால் ஓடுகளை யார் செலவில், எப்படிக் கழற்றி, எங்கே வைப்பது என்பதும் அந்த உடன்பாட்டிலேயே இருக்கட்டும்.

எத்தனை பிள்ளைகளோ அத்தனை ஓடுகள் சுவரில் வர வேண்டும். நன்றாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை நிர்வாகத்துக்கு வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சூளையில் உடைந்த ஓட்டுக்கு மாற்றாக அந்தப் பிள்ளை இன்னொன்று செய்யக் கால அட்டவணையில் நாள் விட்டுவையுங்கள்.

கடைசியாக, ஆவணம். ஒவ்வோர் ஓட்டின் படம், செய்தவரின் பெயர், சுவரில் அதன் இடம், பயன்படுத்திய களிமண், கிளேஸ் ஆகியவற்றின் விவரம், இவற்றோடு வண்ணம் எதுவும் தீட்டாத உதிரி ஓடுகள் சில. இவற்றைப் பள்ளி அலுவலக அலமாரியில் மட்டும் வைத்துவிட வேண்டாம். பவுடர் ஹவுஸ் சமுதாயப் பள்ளி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன; அதன் பிள்ளைகள் செய்த ஓடுகள் நிலையத்தில் இருக்கின்றன. ஒரு பிரதி போக்குவரத்து நிர்வாகத்திடமும், இன்னொரு பிரதி ஊர் நூலகத்திலும் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு இரு இடத்திலும் முத்திரையிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.